மீண்டெழுந்த மாநகரம்

ஊர் பல கண்டு வருதல் அறிவை வளர்க்கும் என்பர் பெரியோர். ஏட்டில் படித்த செய்தி ஒன்றைக் கண்ணெதிரே காணுங்கால் அது நெஞ்சில் ஆழப் பதிகின்றது. ஆயினும், கண்ணுக்குத் தோன்றுவதை மட்டும் கண்டு மீள்பவன் ஊரைப் பாதியே கண்டவன் ஆவான். மாடத்தையும் கோபுரத்தையும் நோக்கி, ‘இவற்றை ஆக்கியவர் யார்? அழித்தவர் யார்? காத்தவர் யார்?’ என்று வினவுபவனுக்கே ஊர் தன் வரலாற்றை எடுத்துரைக்கும். இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் நகரங்களுள் ஒன்று, ஐரோப்பாக் கண்டத்தில் போலந்து நாட்டின் தலைநகராக விளங்கும் வார்சா.

அந்நாட்டின் மற்றொரு பெருநகராகிய கிராக்கோவில் கட்டடக் கலை பயிலும் மாணவன் ஒருவன், கோடை விடுமுறையில் தோழர் மூவருடன் வார்சாவைக் கண்டுவரப் புறப்பட்டான் எனக் கொள்க. கிராக்கோ பழம்பெரு நகரம். 1364-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் அங்கு இன்றும் விளங்குகின்றது. ஞாயிற்றைப் பூவுலகம் சுற்றி வருகின்றது என்னும் உண்மையை நிலைநாட்டிய கோபர்னிக்கஸ் அங்குப் பயின்றவரே. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு நகரங்கள் பல பாழ்பட்டபோதும், கிராக்கோவின் பழைய வீதிகள் பெரும்பாலும் சிதையாமல் தப்பின. பல நூற்றாண்டு கண்ட மாளிகைகளுக்கிடையே நாளும் நடந்து பழகிய அம்மாணவன், ‘பழமையைக் காண விரும்புவோர் எங்கள் ஊருக்கு வருக’ என்று தோழரிடம் பெருமிதத்துடன் கூறுவதுண்டு. தோழருள் ஒருவன் வார்சாவில் பிறந்து வளர்ந்தவன். ‘எங்கள் ஊரையும் ஒருமுறை பார்; அதன் பின்னர்ப் பேசு’ என்று அவன் நகைத்துக் கூறிய சொல்லே இச்செலவிற்குக் காரணம் ஆயிற்று.

சூலைத் திங்களின் இறுதி நாளில், காலை வண்டியில் நால்வரும் ஏறினர். இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விரைவு வண்டி அதனை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. கதிர் முற்றிய வயல்களும், பைன் மரக் காடுகளும், சிற்றூர்களின் கோவிற் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி ஓடி மறைந்தன.

வார்சாவின் நடு நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் விண்ணை அளாவும் பெருமாளிகை ஒன்று அவர்கள் கண்முன் நின்றது. பண்பாட்டிற்கும் அறிவியலுக்கும் உரியதாக, 1952 முதல் 1955 வரை சோவியத்து நாடு பரிசெனக் கட்டித் தந்த மாளிகை அது. உச்சிக் கூம்போடு சேர்த்து அதன் உயரம் 237 மீட்டர். அதன் 30-ஆம் மாடியில் உள்ள காட்சி மேடையில் நின்று நோக்கினால் நகர் முழுதும் புலப்படும். அகன்ற சாலைகளும், வரிசையாக அமைந்த அடுக்குமாடி வீடுகளும், கண்ணாடி போர்த்த உயர்ந்த கட்டடங்களும் எங்கும் தோன்றின. நகரை இரு கூறாகப் பிரித்தவண்ணம் விஸ்துலா ஆறு ஒளிவீசி ஓடியது. அதன் மேற்குக் கரையை ஒட்டி, சிவந்த ஓட்டுக் கூரைகள் நெருங்கிய சிறு பகுதி ஒன்று தனித்துத் தெரிந்தது. ‘அதுவே எங்கள் பழைய நகரம்’ என்று சுட்டிக் காட்டினான் வார்சாத் தோழன்.

அதனை நோக்கி நால்வரும் நடந்தனர். வழியில் அமைந்த பெருவீதியின் பெயருக்குக் ‘கிராக்கோ முன்னகர்’ என்பது பொருள். தன் ஊரின் பெயர் தலைநகர் வீதிக்கு அமைந்திருத்தல் கண்டு மாணவன் மகிழ்ந்தான். 1830-ஆம் ஆண்டு முதல் அங்கு வீற்றிருக்கும் கோபர்னிக்கசின் சிலையை அவர்கள் வணங்கி நோக்கினர். அதனை அடுத்துள்ள திருச்சிலுவைக் கோவிலின் தூண் ஒன்றனுள், இசை வல்லார் ஷோபனின் இதயம் வைத்துப் போற்றப்படுகின்றது. அவர் 1849-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் மறைந்தார். உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் அவருடைய தமக்கையார் தாய்நாட்டிற்குக் கொண்டுவந்தார்.

வீதியின் முடிவில் அரண்மனைச் சதுக்கமும் அதனைக் கடந்தால் பழைய நகரமும் உள்ளன. குறுகிய தெருக்களின் வழியே சென்று பழைய அங்காடிச் சதுக்கத்தினுள் நுழைந்த மாணவன் சிறிது நேரம் பேச்சற்று நின்றான். நாற்புறமும் தோளோடு தோள் சேர்ந்தாற்போல வீடுகள் நின்றன. ஒன்று பொன்னிறம், ஒன்று இளம்பச்சை, ஒன்று செந்நிறம். கதவு நிலைகளில் கல்வேலைப்பாடு, சுவர்களில் ஓவியம், பலகணிகளில் பூந்தொட்டிகள். சதுக்கத்தின் நடுவே வாளும் கேடயமும் ஏந்திய நீரரமகளின் சிலை நின்றது. அவளே அந்நகரின் சின்னம்.

‘எங்கள் ஊருக்கு இணை இல்லை என்று எண்ணியிருந்தேன்; தவறிவிட்டேன். இவ்வீடு எந்த நூற்றாண்டினது?’ என்று வினவினான் மாணவன்.

‘தோற்றத்தால் 17-ஆம் நூற்றாண்டினது, கட்டி முடித்தது 1953-ஆம் ஆண்டில்’ என்றான் வார்சாத் தோழன்.

‘இஃது ஒன்று மட்டுந்தானா?’

‘இங்கு நீ காண்பன ஏறத்தாழ எல்லாமே அவ்வாறுதான். என் பாட்டனாரினும் இளையவை இவ்வீடுகள்!’

மாணவன் முகம் வாடிற்று. ‘அவ்வாறாயின் இது நாடக மேடையில் தொங்கும் திரை போன்றதன்றோ? பழமை அன்று, பழமையின் போலி’ என்றான். தோழன் அதற்குச் சினந்தானல்லன். சதுக்கத்தின் ஓரத்தில் அமைந்த வார்சா அருங்காட்சியகத்தினுள் அவனை அழைத்துச் சென்றான். அங்கே போர் முடிந்த காலத்துப் புகைப்படங்கள் உள்ளன. சற்றுமுன் மாணவன் நின்ற அதே சதுக்கம் படத்தில் செங்கல் மேடாகக் கிடந்தது. கூரை இழந்த சுவர்கள் சில எலும்புக்கூடு போல அம்மேட்டினின்று நீட்டிக்கொண்டிருந்தன.

அந்நிலை வந்த வரலாறு கொடியது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் ஹிட்லரின் ஜெர்மானியப் படைகள் போலந்தினுள் புகுந்தன. அத்திங்கள் முடிவதற்குள் வார்சா வீழ்ந்தது. ஐந்தாண்டுக் காலம் அடிமைப்பட்டு உழன்ற மக்கள், 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மாலை 5 மணிக்குக் கிளர்ந்தெழுந்தனர். போதிய படைக்கலமும் உணவும் இன்றி 63 நாள் போரிட்டுத் தோற்றனர். உயிரிழந்த பொதுமக்கள் ஏறத்தாழ 1,50,000 முதல் 2,00,000 வரை என மதிப்பிடுவர். எஞ்சியோர் நகரை விட்டுத் துரத்தப்பட்டனர்.

அழிவு அத்துடன் நிற்கவில்லை. போரின் இடையே நேரும் அழிவு ஒருவகை. போர் ஓய்ந்தபின் திட்டமிட்டுச் செய்யும் அழிவு மற்றொரு வகை. ஆளில்லாத நகரினுள் படைவீரர்கள் வீடு வீடாகத் தீ மூட்டினர், மாளிகைகளை வெடிவைத்துத் தகர்த்தனர், நூலகங்களையும் எரித்தனர். ஒரு மக்களின் நினைவையே துடைத்தெறிவது அவர்தம் நோக்கம். 1945-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் பகைவர் அகன்றபோது, வரலாற்றுச் சிறப்புடைய நடுநகரில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் அழிந்து கிடந்தது.

இனி என் செய்வது என்னும் வினா எழுந்தது. தலைநகரை வேற்றூருக்கு மாற்றிவிடலாம் என எண்ணியவரும் உண்டு. ஆனால், துரத்தப்பட்ட மக்கள் பனியையும் குளிரையும் பொருட்படுத்தாமல் தம் ஊர் நோக்கித் திரும்பினர். இடிந்த சுவர்களுக்கிடையே அடுப்பு மூட்டி வாழத் தொடங்கினர். பிப்ரவரித் திங்களிலேயே தலைநகரை மீட்டமைப்பதற்கென அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது.

இல்லாத வீட்டை இருந்தவாறே எழுப்புதல் எங்ஙனம்? சாளரத்தின் அகலம் எத்துணை, வாயில் வளைவின் உயரம் எத்துணை என்று எவர் அறிவார்? இவ்வினாவிற்கு விடையளித்தவர் மாணவரே. போருக்கு முன்னர், வார்சாத் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலை பயின்ற மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் எழுதுதலைப் பாடப் பயிற்சியாகக் கொண்டிருந்தனர். அளவுக் கோலும் குறிப்பேடும் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்று, தூணையும் படியையும் நிலையையும் அளந்து எழுதினர். அப்பயிற்சியைச் சலிப்போடு செய்தவரும் அவருள் இருந்திருக்கலாம். தாம் வரையும் கோடுகள் ஒரு நகரின் உயிர்மூச்சாக மாறும் என்பதை அன்று எவர் அறிந்திருப்பர்?

பகைவர் ஆட்சியில் அவ்வரைபடங்களைக் காத்தல் பெரும் பொறுப்பாயிற்று. பேராசிரியர் யான் சாக்வதோவிச் என்பாரும் அவர்தம் துணைவரும் அவற்றை அழிவினின்று மீட்டு, பியோத்ருகுவ் என்னும் ஊரிலுள்ள துறவோர் மடம் ஒன்றில் மறைத்து வைத்தனர். போர் முடிந்தபின் அவை வெளிவந்தன. அவ்வேடுகளே பழைய நகரை மீண்டும் எழுப்பியோருக்கு வழிகாட்டின.

ஓவியமும் துணை நின்றது. பெல்லோட்டோ என்னும் இத்தாலிய ஓவியர், ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்ட் மன்னரின் அவையில் இருந்து, 1770 முதல் 1780 வரை வார்சாவின் வீதிகளையும் மாளிகைகளையும் நுணுக்கமாகத் தீட்டினார். போரில் கவர்ந்து செல்லப்பட்டுப் பின்னர் மீட்கப்பெற்ற அவ்வோவியங்களை இன்று அரண்மனையில் காணலாம். ஆயினும், ஓவியர் சிற்சில இடங்களில் உள்ளதை அழகுபடுத்தியும் காட்டியுள்ளார். ஆதலால், ஓவியம் தோற்றத்தைக் காட்டியது. வரைபடம் அளவைத் தந்தது. இரண்டையும் ஒப்பிட்டே அறிஞர் பணி செய்தனர்.

இடிபாடுகளை அகற்றும் பணியில் ஆடவரும் மகளிரும் இளைஞரும் ஈடுபட்டனர். உடையாத செங்கற்களைத் தேர்ந்தெடுத்துத் துடைத்து அடுக்கினர். வேலைப்பாடு அமைந்த கற்றுண்டுகளைப் பொறுக்கி எடுத்து, அவை முன்பு இருந்த இடங்களிலேயே பதித்தனர். நாட்டின் மேற்குப் பகுதியில் பாழ்பட்டிருந்த நகரங்களிலிருந்தும் செங்கற்கள் கொண்டுவரப்பட்டன. இவ்வாறு 1953-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்காடிச் சதுக்கம் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

எல்லாம் முன்போலவே அமைக்கப்பட்டன என்று கூறுதல் உண்மையாகாது. முகப்புகள் பழைய வடிவின. உள்ளே உள்ளவை இக்காலத்தார் வாழ்தற்கேற்ற வீடுகள். முன்பு நெருக்கமாக இருந்த பின்கட்டுகள் பல மீண்டும் கட்டப்படவில்லை. அவ்விடங்களில் காற்றும் ஒளியும் நுழைகின்றன. புனித யோவான் பெருங்கோவிலின் முகப்பும் போருக்கு முன்பிருந்த வடிவினது அன்று; அதனினும் பழைய வடிவைக் கருதி அமைக்கப்பட்டது. கட்டியோர் இவற்றை மறைத்தாரல்லர். பழைமைச் சின்னம் என்று மீட்டமைத்த நகரை ஏற்பது தகுமா என்பது அறிஞர்க்குத் தயக்கம் தந்த வினாவே. இறுதியில், 1980-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகர்ப் பகுதியை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஏறத்தாழ முழுதும் அழிந்த நகரை மக்கள் மீட்டெடுத்த செயலே அச்சிறப்பிற்குக் காரணம்.

மறுநாள் ஆகஸ்டு முதல் நாள். காலையில் நால்வரும் பிரேத்தா வீதியில் உள்ள மேரி கியூரி அம்மையார் பிறந்த இல்லத்தைக் கண்டனர். 1867-ஆம் ஆண்டில் அங்குத் தோன்றி, பின்னர் இருமுறை நோபல் பரிசு பெற்ற அம்மையார், தாம் கண்டறிந்த தனிமம் ஒன்றிற்குத் தாய்நாட்டின் பெயரால் ‘பொலோனியம்’ என்று பெயரிட்டவர். அவ்வில்லமும் போரில் அழிந்து மீண்டும் எழுந்ததே.

பின்னர் அரண்மனைச் சதுக்கத்தை அடைந்தனர். அங்கே உயர்ந்த தூணின்மேல் மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்டின் சிலை நிற்கின்றது. 1644-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அச்சின்னம், 1944-ஆம் ஆண்டில் குண்டடிபட்டு விழுந்தது. 1949-ஆம் ஆண்டில் புதிய தூண் நிறுத்தப்பட்டுச் சிலை மீண்டும் ஏற்றப்பட்டது. முறிந்த பழைய தூண்கள் அரண்மனையின் அருகே இன்றும் கிடக்கின்றன. ‘புதியதை நிறுத்தியவர்கள் உடைந்ததை ஒளிக்கவில்லை, பார்!’ என்றான் தோழன். மாணவன் அம்முறிந்த கல்லைத் தொட்டுப் பார்த்தான்.

அவ்வேளையில் அரண்மனைக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலித்தது. மணி 11.15. கிராக்கோவில் மணிதோறும் கோவிற் கோபுரத்தினின்று எழும் எக்காள ஒலியைக் கேட்டுப் பழகிய மாணவன், ‘இஃது என்ன, மணி நிறையாத வேளை?’ என்று வியந்தான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் குண்டு வீச்சில் அரண்மனை தீப்பற்றியபோது, கோபுரக் கடிகாரம் 11.15 மணிக்கு நின்றுவிட்டது. எஞ்சிய அரண்மனையையும் 1944-ஆம் ஆண்டில் பகைவர் வெடிவைத்துத் தகர்த்தனர். அதற்குமுன் அறிஞர் சிலர் உயிரைப் பணயம் வைத்து, அங்கிருந்த ஓவியங்களையும் கதவுகளையும் கற்செதுக்கல்களையும் சிறுகச் சிறுக வெளியேற்றிக் காத்தனர். 1971-ஆம் ஆண்டில் அரண்மனையை மீண்டும் எழுப்ப முடிவு செய்யப்பட்டது. மக்கள் நன்கொடையால் பணி நடந்தது. 1974-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள், நின்ற அதே 11.15 மணியிலிருந்து புதிய கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில் உள்ளது முரனுவ் என்னும் பகுதி. அங்கு அடைந்ததும் வார்சாத் தோழனின் குரல் தாழ்ந்தது. போருக்கு முன்னர் வார்சா மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் யூதர். 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் அவர்களை நகரின் ஒரு பகுதியில் அடைத்து மதில் எழுப்பினர். 4,00,000-க்கு மேற்பட்டோர் அம்மதிலுக்குள் பசியாலும் பிணியாலும் நலிந்தனர். 1942-ஆம் ஆண்டுக் கோடையில் பெரும்பாலோரைத் திரெபிளிங்கா என்னும் கொலைக்களத்திற்கு வண்டி வண்டியாகக் கொண்டு சென்று கொன்றனர். 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், எஞ்சிய இளைஞர்கள் எதிர்த்துப் போரிட்டனர். பகைவர் அப்பகுதி முழுவதையும் தீக்கிரையாக்கினர்.

அவ்விடிபாட்டு மேடுகளின்மீதே போருக்குப் பின் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அதனால் அங்குள்ள வீடுகள் சில, தெருவினும் உயர்ந்த மேட்டில் நிற்கின்றன. படியேறியே அவற்றை அடைதல் வேண்டும். ‘இப்பகுதியின் பழைய வீடுகளை ஏன் முன்போல் எழுப்பவில்லை?’ என்று கேட்க வாய் திறந்த மாணவன், கேளாமலே நிறுத்திக்கொண்டான். வீட்டை எழுப்பலாம், அதில் வாழ்ந்தோரை எவ்வாறு எழுப்புவது?

ஆயினும், அவர்களும் தம் நினைவைக் காக்க வழி தேடினர். ரிங்கல்பிளம் என்னும் வரலாற்று ஆசிரியரும் அவருடைய குழுவினரும், மதிலுக்குள் நடந்தவற்றை நாள்தோறும் மறைவில் எழுதித் தொகுத்தனர். நாட்குறிப்பு, கடிதம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, உணவுப் பங்கீட்டுச் சீட்டு ஆகிய எதையும் அவர்கள் தள்ளவில்லை. அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கொள்கலங்களிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். ரிங்கல்பிளம் 1944-ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். குழுவினருள் உயிர் தப்பியவர் மிகச் சிலரே. 1946-ஆம் ஆண்டில் ஒரு பகுதியும் 1950-ஆம் ஆண்டில் ஒரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன. அழித்தவர்கள் மறைக்க எண்ணியதை அத்தாள்கள் உலகறியச் செய்தன.

மாலையில் நால்வரும் மீண்டும் அரண்மனைச் சதுக்கத்திற்கு வந்தனர். மணி ஐந்து ஆயிற்று. திடீரென்று நகரெங்கும் அபாயச் சங்குகள் முழங்கின. ஓடிய பேருந்து நின்றது, மகிழுந்துகள் நின்றன, நடந்தவர் நடந்த இடத்திலேயே நின்றனர். கைக்குழந்தையை ஏந்திய தாயும், கோலூன்றிய முதியவரும், விளையாடிய சிறுவரும் ஒரு நிமிடம் அசையாது நின்றனர். 1944-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தொடங்கிய வேளையை ஆண்டுதோறும் அந்நகரத்தார் இவ்வாறு நினைவுகூர்கின்றனர். ஒரு நிமிடம் கழிந்ததும் சங்கொலி அடங்கிற்று. நகரம் மீண்டும் இயங்கிற்று.

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. வண்டியில் திரும்பும்போதுதான் தோழனை நோக்கி, ‘போலி என்று சொன்னேன், அச்சொல்லைத் திரும்பப் பெறுகின்றேன். மறந்தவன் செய்வது போலி; மறவாதவன் செய்வது மீட்சி’ என்றான். தோழன் அவன் கையைப் பற்றிக்கொண்டான்.

கிராக்கோ திரும்பிய மறுநாள், அம்மாணவன் அளவு நாடாவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு தன் தெருவிலேயே நின்ற பழைய வீடு ஒன்றன் முன் சென்றான். நாள்தோறும் கடந்து சென்ற வீடு அது. எனினும் அதன் வாயிற்படிகள் எத்தனை என்பதை அவன் அன்றுவரை அறியான். ஒவ்வொன்றாக அளந்து எழுதத் தொடங்கினான்.

கல்லும் செங்கல்லும் என்றேனும் விழக்கூடும். அவற்றைக் கருத்தூன்றி நோக்கியவர் எழுதி வைத்த அளவும் குறிப்பும் எஞ்சி நின்றால், விழுந்தது மீண்டும் எழும். எழ இயலாதது மறக்கப்படாது. ஆதலின், இளைஞர் தம் ஊரில் உள்ளவற்றை நன்கு நோக்குவாராக. நோக்கியதைப் பிழையின்றி எழுதி வைப்பாராக.